ஃபோர்ட்டிகேட்டில் 7.2ஆ, 7.4ஆ, 7.6ஆ? முதலில் ராமைப் பாருங்கள்

ஃபோர்ட்டிகேட் ஃபயர்வாலுக்கு (அலுவலக நெட்வொர்க்கைக் காக்கும் பெட்டி) எந்த ஃபோர்ட்டி ஓஎஸ் (அதை இயக்கும் மென்பொருள்) போடுவது என்று கேட்டால் "லேட்டஸ்ட் எதுவோ அதைப் போடு" என்பார்கள். இப்போது அப்படிப் போட்டால் மறுநாள் காலை ஆபீஸே நின்றுபோகலாம். அந்த மென்பொருளின் 7.2 பதிப்பிலிருந்து 7.6 வரை ஏற ஏறச் சில வசதிகள் கூடியிருக்கின்றன, சில அடியோடு எடுக்கப்பட்டிருக்கின்றன. அப்படி எடுக்கப்பட்டதை உங்கள் நெட்வொர்க் தினமும் நம்பியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு விவரம் தெரிந்தால் போதும்: பெட்டியில் ராம் (நினைவகம்) எவ்வளவு? வெளியிலிருந்து வேலை செய்பவர்கள் எந்த விபிஎன் (இணையத்தின் மேல் போடும் பாதுகாப்பான தனிவழி) வழியாக உள்ளே வருகிறார்கள்?

அதற்கு முன் 7.2, 7.4, 7.6 என்ற மூன்று கிளைகளின் ஆயுள். ஒரு கிளை வெளியான நாளிலிருந்து 36 மாதம் முழுப் பொறியியல் ஆதரவு, 54 மாதம் முடிந்தால் எல்லா ஆதரவும் நின்றுவிடும். 7.2 வெளியானது 2022 மார்ச் கடைசியில். பொறியியல் ஆதரவு 2025 மார்ச்சோடு முடிந்தது, மொத்த ஆதரவு 2026 செப்டம்பரில் முடிகிறது. 7.4 வந்தது 2023 மே. அதற்கு அந்தத் தேதிகள் 2026 மே, 2027 நவம்பர். 7.6 வந்தது 2024 ஜூலை. 2027 ஜூலை, 2029 ஜனவரி. முதல் தேதி தாண்டிய கிளைக்குச் சாதாரண பிழைத் திருத்தங்கள் வராது. பெரிய பாதுகாப்பு ஓட்டை என்றால்தான் பேட்ச் கிடைக்கும்.

பதிப்பு எண்ணோடு ஒட்டிவரும் எழுத்தையும் கவனியுங்கள். 7.2 முதல் ஒவ்வொரு வெளியீட்டிலும் எஃப் அல்லது எம் என்று குறி இருக்கும். எஃப் என்றால் அதில் புதிய வசதி சேர்ந்திருக்கிறது, எம் என்றால் பெரும்பாலும் திருத்தங்கள் மட்டும். மருத்துவமனை, தொழிற்சாலை, வங்கிக் கிளை என்று நிற்கக்கூடாத இடங்களில் எம் குறி வராத பதிப்பைப் போடாதீர்கள். ஒரு புதிய வசதி கட்டாயம் வேண்டும், அது எஃப் பதிப்பில் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் மட்டும் விதிவிலக்கு.

இரண்டு ஜிபி பெட்டிகள்

சிறிய அலுவலகங்களில் அதிகம் நிற்பவை 40எஃப், 60எஃப். இரண்டிலும் ராம் 2 ஜிபிதான். கிளைத் தேர்வு மிகவும் கடினமாவது இந்தப் பெட்டிகளில்தான்.

7.4.4 முதல் 2 ஜிபி பெட்டிகளில் ப்ராக்ஸி (இணைப்பை இடையில் நிறுத்தி, உள்ளடக்கத்தை முழுதாகச் சோதித்து அனுப்புவது) சார்ந்த வசதிகள் எல்லாம் நீக்கப்பட்டன. ப்ராக்ஸி முறை ஆய்வு வைத்த பாலிசிகள் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள்), எக்ஸ்ப்ளிசிட் ப்ராக்ஸி, இசட்டிஎன்ஏ (ஒவ்வொரு இணைப்பிலும் பயனரையும் சாதனத்தையும் சரிபார்த்து விடுவது), வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால், வீடியோ ஃபில்டர், எச்டிடிபிஎஸ் சர்வர்களுக்கு முன்னால் வைக்கும் லோடு பேலன்ஸ் எல்லாமே இதில் அடங்கும். அப்கிரேடு இதற்காக எங்கும் நிற்காது. ப்ராக்ஸி பாலிசிகள் தாமாகவே ஃப்ளோ முறைக்கு (போகிற போக்கிலேயே சோதிப்பது) மாறிவிடும், மற்ற அமைப்புகள் காணாமல் போகும். பாலிசிப் பட்டியல் பார்வைக்கு அப்படியே இருப்பதால் முதல் நாள் யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் வெப் சர்வருக்குக் காவலாக வைத்த வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் இல்லை என்பது லாக்கைப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

"அப்படியானால் 7.4.3இலேயே நிறுத்திக்கொள்ளலாமே" என்று தோன்றும். வேண்டாம். அந்தக் கிளையில் அதற்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட அதில் இருக்காது. 2 ஜிபி பெட்டியில் ப்ராக்ஸி வேண்டும் என்றால் 7.2இன் கடைசி பேட்ச்தான் இருக்கும் ஒரே வழி, அதுவும் 2026 செப்டம்பர் வரை. அதற்குள் பெரிய பெட்டி வாங்கப் பணம் ஒதுக்க வேண்டும். ப்ராக்ஸி இல்லாமலே ஓட்டும் இடமாக இருந்தால் 7.4 தாராளமாகப் போதும்.

7.6.0இல் இன்னொரு வெட்டு. 2 ஜிபி பெட்டிகளில் எஸ்எஸ்எல் விபிஎன் (வழக்கமான எச்டிடிபிஎஸ் இணைப்பு போலவே ஓடும் விபிஎன்) முழுவதுமாகப் போய்விட்டது. டன்னல் முறையும் (கணினியில் ஒரு செயலி போட்டு இணைவது) இல்லை, பிரவுசர் வழி முறையும் இல்லை.

ராம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? நினைவகப் பயன்பாடு 88 சதவீதத்தைத் தொட்டால் பெட்டி கன்சர்வ் மோடுக்கு (நினைவகத்தை மிச்சப்படுத்தும் நிலை) போகும். அப்போது அமைப்புகளை மாற்றவும் விடாது. 95 சதவீதத்தில் புதிய இணைப்புகளையே தள்ளிவிடும். 82க்குக் கீழே இறங்கினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். பயனர்கள் "நெட் சில நேரம் வருது, சில நேரம் வரல" என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருப்பது உண்டு. அப்கிரேடுக்கு முன் ஒரு வாரம், வேலை நெரிசலான நேரத்தில் நினைவகம் எவ்வளவு ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். 7.2இலேயே 75 சதவீதத்தைத் தாண்டி ஓடும் பெட்டியில் மேல் கிளை ஏற்றுவது ஆபத்து. தேவையற்ற லாக்கைக் குறைத்து, ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு) எஞ்சின்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பயன்படாத ப்ரொஃபைல்களைப் பாலிசிகளிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பெரிய பெட்டிகளில் 7.4ஆ, 7.6ஆ?

ராம் தாராளமாக இருக்கும் பெட்டிகளில் 7.2இல் தங்குவதற்குக் காரணமே இல்லை. போட்டி 7.4க்கும் 7.6க்கும்தான், அதைத் தீர்மானிப்பது எஸ்எஸ்எல் விபிஎன். 7.6.3 முதல் எந்த மாடலிலும் எஸ்எஸ்எல் விபிஎன் டன்னல் முறை கிடையாது. பழைய அமைப்புகள் புதிய பதிப்புக்குக் கொண்டுவரப்படுவதும் இல்லை. பிரவுசர் வழி முறை மட்டும் வேறு பெயரில் தொடர்கிறது. வீட்டிலிருந்து 50 பேர் இணையும் அலுவலகத்தில் இதை அறியாமல் ஞாயிற்றுக்கிழமை 7.6.3 ஏற்றினால், திங்கள் காலை 50 பேருக்கும் இணைப்பு இருக்காது.

மாற்று ஐபிசெக், இன்னொரு வகை விபிஎன். ஐபிசெக் வழக்கமாக யுடிபி 500, 4500 போர்ட்டுகளில் ஓடும். ஹோட்டல், விமான நிலைய வைஃபைகளில் பல இடங்களில் இவை அடைபட்டிருக்கும், 443 மட்டும் திறந்திருக்கும். எஸ்எஸ்எல் விபிஎன்னை எல்லோரும் விரும்பியதே அதனால்தான். 7.4.2 முதல் ஐபிசெக்கை டிசிபிக்குள் வைத்து அனுப்பும் வசதி இருக்கிறது, போர்ட்டை 443 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று இடங்களில் சிக்கும்.

டிசிபி வழி, ஐகேஇ (ஐபிசெக் இணைப்பை அமைக்கும் முறை) 2ஆம் பதிப்பில் மட்டும் இயங்கும். ஐகேஇ முதல் பதிப்பில் உள்ள டயலப் டன்னலை (பயனர்கள் வெளியிலிருந்து இணைவது) அப்படியே எடுத்து டிசிபிக்கு மாற்ற முடியாது, புதிதாகக் கட்ட வேண்டும்.

அடுத்தது பாஸ்வேர்டு சரிபார்ப்பு, அதிக நேரம் தின்பது இதுதான். எஸ்எஸ்எல் விபிஎன்னில் எல்டாப் (பயனர் பட்டியலிடம் கேட்டுப் பார்க்கும் முறை) வழியாக ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸின் பயனர் பட்டியல்) பயனர்களை நேரடியாகச் சரிபார்த்தவர்கள், ஐகேஇ 2ஆம் பதிப்பில் எம்எஸ்சாப் என்ற சரிபார்ப்பு வகையில் அதே எல்டாப்பை வைத்தால் லாகின் தோற்றுக்கொண்டே இருக்கும். காரணம் எளிது: எம்எஸ்சாப்பில் பாஸ்வேர்டு ஃபயர்வாலுக்கு வருவதே இல்லை, அதிலிருந்து கணக்கிட்ட விடைதான் வரும். எல்டாப்பில் பைண்ட் செய்து (அந்தப் பயனராக நுழைந்து) பார்க்கப் பாஸ்வேர்டே வேண்டும். ஆகவே நடுவில் லாகினைச் சரிபார்க்கும் ஒரு ரேடியஸ் சர்வர் வையுங்கள் (விண்டோஸ் சர்வரில் உள்ள என்பிஎஸ் போதும்) அல்லது சாம்ல் லாகினுக்கு (தனி அடையாளச் சேவை வழியாக நுழைவது) மாறுங்கள்.

மூன்றாவது, போர்ட் மோதல். அதே வெளி இன்டர்ஃபேஸில் நிர்வாகப் பக்கமோ எஸ்எஸ்எல் விபிஎன்னோ 443இல் இருந்தால் அது ஐகேஇயோடு அந்தப் போர்ட்டில் மோதும். நிர்வாகப் பக்கம் வெளி இன்டர்ஃபேஸில் திறந்திருப்பதே தவறு. இந்தச் சாக்கில் அதையும் மூடிவிடுங்கள்.

இந்த மூன்றையும் 7.4இல் இருக்கும்போதே செய்யலாம் என்பதுதான் 7.4க்கு நான் முதலிடம் தரும் காரணம். அதில் பெரும்பாலான மாடல்களில் எஸ்எஸ்எல் விபிஎன்னும் ஓடும், பக்கத்திலேயே ஐபிசெக்கும் ஓடும். பத்துப் பத்துப் பேராக மாற்றி, கடைசி ஆளும் மாறிய பிறகு எஸ்எஸ்எல் விபிஎன்னை நிறுத்திவிட்டு, அதன் பின் 7.6க்குப் போகலாம். 7.6க்கு நேராகத் தாவ வேண்டிய இடங்கள் என்றால், தொலைவிலிருந்து யாருமே இணையாத தொழிற்சாலைகளும் புதிதாகக் கட்டும் நெட்வொர்க்குகளும்தான்.

எஸ்எஸ்எல் விபிஎன்னைக் கைவிடுவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 2023இல் சிவிஇ-2023-27997 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொதுப் பதிவு எண்), 2024 பிப்ரவரியில் சிவிஇ-2024-21762 என்று லாகின் செய்யாமலே உள்ளே புக வழிவிட்ட ஓட்டைகள் அந்தப் பகுதியில்தான் இருந்தன. பேட்ச் போட்டதோடு கதை முடியவும் இல்லை. முன்பே புகுந்த தாக்குநர்கள், எஸ்எஸ்எல் விபிஎன்னின் மொழிக் கோப்புகள் இருக்கும் இடத்தில் ஒரு சிம்லிங்க்கை (வேறு இடத்துக்கு இட்டுச்செல்லும் குறுக்குவழிக் கோப்பு) விட்டுச் சென்று, பேட்சுக்குப் பிறகும் கோப்புகளைப் படித்தது 2025 ஏப்ரலில் வெளிவந்தது. அதைத் துடைக்கும் பதிப்புகள் 7.2.11, 7.4.7, 7.6.2. 2025 டிசம்பரில் ஃபோர்ட்டி கிளவுட் ஒற்றை லாகினைத் தாண்டி நிர்வாகியாக நுழையும் ஓட்டை வந்தது. சிவிஇ-2025-59718 என்பது அதன் எண். அதற்கான திருத்தம் 7.2.12, 7.4.9, 7.6.4இல் உள்ளது. எந்தக் கிளையானாலும் இந்த எண்களுக்குக் கீழே நிற்காதீர்கள். பெட்டியை அதன் நிர்வாகப் பக்கத்திலிருந்தே பதிவு செய்யும்போது அந்த ஒற்றை லாகின் தானாக இயங்கத் தொடங்கியிருக்கலாம். தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

ஏற்றும் நாள்

ஃபோர்ட்டி மேனேஜர் (பல ஃபயர்வால்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது), ஃபோர்ட்டி அனலைசர் (அவற்றின் லாக்கைச் சேர்த்து வைப்பது) இருந்தால் அவற்றை முதலில் ஏற்றுங்கள். மேனேஜர் கீழ்ப் பதிப்பில் இருந்தால் ஃபயர்வாலைக் கையாள முடியாமல் போகும். பிறகு உற்பத்தியாளரின் தளத்தில் உள்ள அப்கிரேடு பாதைக் கருவியில் மாடலையும் இப்போதைய பதிப்பையும் கொடுத்து, அது சொல்லும் இடைப்படிகள் ஒவ்வொன்றிலும் நின்று ஏறுங்கள். படியைத் தாண்டினால் பழைய அமைப்புகள் புதிய பதிப்பின் வடிவத்துக்கு மாறுவது பாதியில் விட்டுப்போகும். ஒவ்வொரு படிக்கும் முன் ஒரு பேக்கப் எடுங்கள். கன்சோல் கேபிளைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வழியாக மட்டும் பெட்டியைத் தொட முடிகிற நிலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இரட்டைப் பெட்டி எச்ஏ (ஒன்று விழுந்தால் மற்றது தொடரும் ஏற்பாடு) என்றால் துணைப்பெட்டி முதலில் ஏறி, பொறுப்பை வாங்கிக்கொண்டு, பிறகு முதல் பெட்டி ஏறும். செஷன் பிக்கப் (ஓடும் இணைப்புகளை மற்றப் பெட்டிக்கும் பகிர்வது) அணைந்திருந்தால் அந்தக் கைமாறலில் ஓடும் இணைப்புகள் அறுந்துவிடும். தொடங்கும் முன் இரண்டின் செக்சம்மும் (அமைப்புகள் ஒன்றா என்று காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீபூட் ஆனதும் முதல் வேலை, அமைப்புப் பிழைப் பதிவைப் படிப்பது. புதிய பதிப்புக்குப் புரியாத பழைய வரிகள் ஒவ்வொன்றாக அங்கே இருக்கும். பாலிசி எண்ணிக்கை, டன்னல்கள், ரூட்டிங் அட்டவணை ஆகியவற்றை முன்பு எடுத்த குறிப்போடு ஒப்பிடுங்கள். சிறிய மாடல்களில் தானியங்கி பேட்ச் ஏற்றம் இயங்குகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் தேர்ந்த பதிப்பை அது ஒரு இரவில் மாற்றிவிடலாம்.

பழைய ஃபர்ம்வேர் இரண்டாம் பார்ட்டிஷனில் அதன் அமைப்போடு அப்படியே இருக்கும். பிரச்சினை என்றால் அதிலிருந்து பூட் செய்து திரும்பிவிடலாம், ஆனால் அப்கிரேடுக்குப் பின் சேர்த்த எந்த மாற்றமும் அங்கே இருக்காது. அதனால் ஏற்றிய முதல் இரண்டு நாள் புதிய பாலிசி எதையும் சேர்க்காமல், நினைவக அளவையும் விபிஎன் லாகின் தோல்விகளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.