இருட்டில் கைத்துப்பாக்கிப் பயிற்சி: விளக்கும் சைட்டும், ஒன்பது ஆண்டு அனுபவம்

முதல் இரவுப் பயிற்சியன்று என் கைத்துப்பாக்கியில் இருந்தது டிரிடியம் சைட் மட்டும்தான், அதாவது இருட்டில் தானாக ஒளிரும் புள்ளிகள் கொண்ட குறிபார்க்கும் பாகம். சுடுதளத்தின் விளக்குகளை அணைத்ததும் மூன்று பச்சைப் புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து நின்றன. முன் சைட் தெரிந்தது, பின் சைட் தெரிந்தது, எதிரே இருந்த இலக்குதான் தெரியவில்லை. பத்து மீட்டர் தூரத்தில் இரண்டு ஆளுயர அட்டைகள் இருந்தன. ஒன்றில் வரைந்திருந்தவன் கையில் துப்பாக்கி, மற்றவன் கையில் செல்பேசி. எது எது என்று பிரித்தறிய முடியாமல், விசையில் விரல் வைக்காமலே நின்றேன். பயிற்சியாளர் அருகில் வந்து, "சுடாமல் நின்றீர்கள் பாருங்கள், அதுதான் சரி. என்னவென்று தெரியாததைச் சுடவே கூடாது. முதலில் ஒரு விளக்கு வாங்குங்கள்" என்றார்.

அன்றிலிருந்து ஒன்பது ஆண்டுகளில் ஒரு கைவிளக்கு, துப்பாக்கியில் பொருத்தும் விளக்குகள் இரண்டு, இரண்டு வகை சைட், கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் என்ற குறிபார்க்கும் கருவி ஒன்று என்று பலவற்றைப் புழங்கிவிட்டேன். புதிதாக வாங்க நினைப்பவர் யாராக இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: விளக்கை முதலில் வாங்குங்கள், சைட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

காரணம் மிக எளிது. விளக்கு எரிந்ததும் இலக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. அந்த வெளிச்சத்தின்மேல் சாதாரணக் கறுப்பு சைட்டே கத்தரித்து வைத்த நிழல்போல அத்தனை கூர்மையாகத் தெரிகிறது. டிரிடியத்தின் பச்சை அப்போது கண்ணுக்கே படுவதில்லை. விளக்கே இல்லாத கும்மிருட்டில் புள்ளிகள் தெரியும், ஆனால் எதைக் குறிபார்க்கிறோம் என்பது தெரியாது. டிரிடியம் உண்மையில் உதவுவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மங்கல் வேளையில். எதிரில் இருப்பது இன்னதென்று அடையாளம் தெரியும், ஆனால் கறுப்பு சைட் கறுப்பு உடையின்மேல் கரைந்துபோகும். அந்தி நேரப் பயிற்சிகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஒரு வேளைக்காகவே டிரிடியத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

டிரிடியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். சின்னஞ்சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்திருப்பார்கள். அதிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்கள் குழாயின் உட்சுவரில் பூசிய பாஸ்பரில் மோத, அது ஒளிர்கிறது. பேட்டரி வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். ஆனால் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டுகள். ஒன்பது ஆண்டு ஆன என் முன் சைட்டில் டிரிடியம் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மிஞ்சியிருக்க வேண்டும். பாஸ்பரும் தன் பங்குக்குத் தேய்ந்திருக்கும். போன மாதம் நண்பரின் புதிய சைட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, என்னுடையது தூசி படிந்ததுபோல மங்கியிருந்தது. பழைய துப்பாக்கியை இரவு சைட்டோடு வாங்குகிறவர்கள் அதில் பொறித்திருக்கும் ஆண்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று புள்ளிகளும் ஒரே நிறத்தில், ஒரே பிரகாசத்தில் இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. அவசரத்தில் முன் சைட்டின் புள்ளி, பின் சைட்டின் இரண்டு புள்ளிகளுக்கும் வெளியே போய் ஓரமாக நின்றுவிடும். மூன்றும் வரிசையாகத்தானே இருக்கின்றன என்று கண் ஏமாந்துவிடும். என் குண்டுகள் ஒரே பக்கமாக விலகிப்போனதன் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்கவே சில மாதங்கள் ஆயின. பின் சைட்டைப் புள்ளியே இல்லாத கறுப்பாக மாற்றினேன். முன்னால் மட்டும் ஒளிரும் புள்ளி, அதைச் சுற்றிப் பளிச்சென்ற ஆரஞ்சு வளையம். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒளி கடத்தும் இழை பதித்த ஃபைபர் ஆப்டிக் சைட் பகலில் கண்ணைப் பறிக்கும். சுற்றுப்புற வெளிச்சத்தை வாங்கித்தான் அது ஒளிர்கிறது என்பதால் இருட்டில் வெறும் நூல்தான்.

இனி விளக்கு. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் லூமன் போட்டிருப்பார்கள். அது விளக்கு வெளியிடும் மொத்த ஒளி. அந்த ஒளி எவ்வளவு குவிந்து முன்னால் பாய்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-1 எச்எல் என்ற விளக்குக்கு 1000 லூமன், 20,000 கேண்டெலா என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஷூர்ஃபயர் எக்ஸ்300 டர்போவுக்கு 650 லூமன்தான், ஆனால் 66,000 கேண்டெலா. லூமனை மட்டும் பார்த்து வாங்கினால் தூரத்துக்கு எது எட்டும் என்பது பிடிபடாது.

அதற்காகக் கேண்டெலா கூடக் கூட நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. வெள்ளைச் சுவர்கள் கொண்ட சிறிய அறையில் பயிற்சி செய்தபோது, நன்றாகக் குவிந்த ஒளி சுவரில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வந்தது. நடுவில் சுடர்விடும் வட்டம், சுற்றிலும் ஒன்றும் தெரியவில்லை. அறைக்குள் எனக்கு உதவுவது அந்த வட்டத்தைச் சுற்றிப் படரும் மென்வெளிச்சம்தான். நெஞ்சுயரத்தில் நீட்டாமல் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்தாலே அறை முழுவதும் போதிய வெளிச்சம் பரவிவிடுகிறது.

முதலில் வாங்கிய பொருத்து விளக்கு, சுடும்போது ஏற்படும் உதைப்பில் ஒரு நொடி அணைந்து எரியும். பேட்டரி மூடியின் பிடிப்புத் தளர்ந்ததுதான் காரணம். மெல்லிய ரப்பர் வளையம் வைத்துச் சமாளித்துப் பார்த்தேன், சரிவரவில்லை, தூக்கி வைத்துவிட்டேன். இப்போதிருக்கும் விளக்கு ஆறு ஆண்டுகளாக ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. இரண்டு சிஆர்123ஏ லித்தியம் பேட்டரிகள் போடுகிறேன். இரண்டையும் ஒரே நாளில், ஒரே தயாரிப்பில் மாற்றிவிடுவேன். புதியதையும் பழையதையும் கலந்து போடுவது ஆபத்தான பழக்கம்.

சுவிட்சைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. விளக்கை இயக்குவது எப்போதும் துணைக் கையின் கட்டைவிரலாகவே இருக்க வேண்டும். விசைக்குரிய விரல் அந்த வேலைக்குப் போகவே கூடாது. பதற்றத்தில் விளக்கைப் போட நீட்டிய விரல் விசையில் போய் விழுந்தால் மீட்க வழியில்லை. கையுறையோடும், ஈரக் கையோடும், இடக்கையால் மட்டுமேயும் உங்களால் அந்தச் சுவிட்சை இயக்க முடிகிறதா என்று பாருங்கள். அது முடியாத விளக்கு எத்தனை லூமனாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் இருநூறு தோட்டாக்கள் சுட்டு முடிப்பதற்குள் லென்ஸின்மேல் சாம்பல் நிறப் படலம் படிந்துவிடுகிறது. குழல்வாயிலிருந்து வரும் புகை அங்கேயே சுட்டு ஒட்டிக்கொள்கிறது, துணிக்கு மசியாது. பென்சில் ரப்பரால் வட்டமாகத் தேய்த்தால் செதில் செதிலாக உரிந்து வரும். இப்போதெல்லாம் சுடத் தொடங்குமுன் உதட்டுக்குப் பூசும் களிம்பை லென்ஸின்மேல் மெல்லிதாகத் தடவிவிடுகிறேன். முடிந்ததும் ஒரே துடைப்பில் வந்துவிடுகிறது.

துப்பாக்கியில் விளக்கு இருக்கிறதே என்று கைவிளக்கை விட்டுவிட வேண்டாம். பொருத்திய விளக்கு எங்கே திரும்புகிறதோ குழல்வாயும் அங்கேதான் திரும்பும். தேடுவதற்கு அதைப் பயன்படுத்தினால், பார்க்கும் ஒவ்வொருவரையும் குறிபார்த்ததாகிவிடும். தேடலுக்குக் கைவிளக்கு, சுட்டே ஆக வேண்டிய நிலையில்தான் பொருத்திய விளக்கு. கைவிளக்கோடு சுட இரண்டு முறைகளைப் பழகினேன். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் ஹாரிஸ் முறை உறுதியானது, ஆனால் தோள் சீக்கிரம் சோர்கிறது. விளக்கைக் கன்னத்தின் ஓரமாகத் தாடைக்கருகில் வைக்கும் முறையில் பார்வையும் ஒளியும் ஒன்றாகத் திரும்புகின்றன, சைட்டின் பின்புறத்திலும் வெளிச்சம் விழுகிறது. நான் இரண்டாவதில் நிலைத்துவிட்டேன்.

ரெட் டாட் சேர்த்தது மூன்று ஆண்டுகளுக்கு முன். பார்வையை இலக்கிலேயே வைத்திருக்கலாம் என்பது இருட்டில் பெரிய வசதி. ஆனால் தானாகப் பிரகாசத்தைச் சரிசெய்யும் வகையில் ஒரு குறை உண்டு. நான் நிற்கும் இடத்தின் இருட்டை அளந்து புள்ளியை அது மங்கலாக்கிவிடும். விளக்கைப் போட்டதும் எதிர்ச்சுவர் வெளுத்துத் தெரிய, புள்ளி காணாமல் போய்விடும். இப்போது கையால்தான் அளவை வைக்கிறேன்: வெள்ளைச் சுவரில் விளக்கடித்து, அதன்மேல் புள்ளி தெளிவாகத் தெரியும் அளவு. விளக்கில்லாத இருட்டில் அது சற்றுப் பூத்துத் தெரியும், பரவாயில்லை. பார்வைச் சிதறல் குறை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாக இல்லாமல் வால்நட்சத்திரம்போல் இழுபட்டுத் தெரியும். ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தோட்டா இல்லாமல் செய்யும் வெற்றுப் பயிற்சிக்கு என் ஒழுங்கு மாறுவதில்லை. நல்ல வெளிச்சத்தில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுத்து, துப்பாக்கியின் மேற்பகுதியான ஸ்லைடை இழுத்து, குழலின் தோட்டா அறையைக் கண்ணாலும் சுண்டு விரலாலும் சரிபார்ப்பேன். தோட்டாக்கள் அனைத்தும் வேறு அறைக்குப் போகும். குண்டு ஊடுருவாத திசையைப் பார்த்து நின்ற பிறகே விளக்கை அணைப்பேன். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். ஒருமுறை விளக்கைப் போட்டுவிட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், அடுத்த சில நிமிடங்கள் வெளிச்சத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. அந்தக் குருட்டு நிமிடங்களில் கால் எங்கே வைக்கிறேன், கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் இப்போது வாரம் இரண்டு இரவுகள் பழகிக்கொண்டிருக்கிறேன்.