ரெரா சட்டத்தின் 2-ஆம் பிரிவு: ஃபிளாட் வாங்குபவருக்கு எவ்வளவு உதவும்?

விளம்பரங்களில் ‘சூப்பர் பில்ட்-அப்’ (பொதுப் பகுதிகளின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் பரப்பு) இல்லாத நாளில்லை. ரியல் எஸ்டேட் தொழிலை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 2-ஆம் பிரிவு சொல்விளக்கப் பிரிவு; அதில் தேடினால் இது கிடைக்காது. ஃபிளாட்டின் பரப்புக்கு அது தரும் அளவு கார்பெட் ஏரியா, அதாவது உள்ளே புழங்கக்கூடிய நிகரத் தளப்பரப்பு, ஒன்றுதான். வெளிச்சுவர், குழாய் இறங்கும் டக்ட், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மாடி எல்லாம் கழிந்துவிடும். உள் தடுப்புச்சுவர் மட்டும் சேரும்.

இந்த ஒரு விளக்கத்துக்கே முழு மதிப்பெண் தரலாம், டேப் வைத்து நாமே சரிபார்க்க முடிவதால். உள்ளளவில் 10-க்கு 12 அடி உள்ள மூலை அறை 120 சதுர அடி. வெளியே பார்த்த இரு பக்கத்திலும் 9 அங்குல வெளிச்சுவரைச் சேர்த்தால் 137. அந்த 17 சதுர அடி பிளிந்த் ஏரியாவில் (சுவர்களையும் சேர்த்த பரப்பில்) வரும், கார்பெட்டில் வராது. அதற்கு மேல் படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் பங்கு ஏறும். எவ்வளவு ஏற்றுவது என்பது பில்டர் இஷ்டம். அதனால் மொத்த விலையைக் கார்பெட்டால் வகுத்துவிட்டே இரண்டு ஃபிளாட்டை ஒப்பிடுங்கள். அப்ரூவல் பிளானில் உள்ள எஃப்.எஸ்.ஐ. (மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதம்) பரப்பு வேறு கணக்கு, அதைக் கார்பெட் என்று நம்பிவிட வேண்டாம்.

பார்க்கிங் விளக்கமும் கறார்தான். கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் வேண்டும். திறந்தவெளி பார்க்கிங் பொதுப் பகுதி. தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட்டை ‘கவர்டு கார் பார்க்’ என்று தனி விலைக்குத் தந்தால் கேள்வி கேளுங்கள்.

சென்னைக்காரர் முதலில் கேட்கும் யூ.டி.எஸ்.ஸுக்கு, அதாவது மனையில் ஃபிளாட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்குக்கு, இங்கே விளக்கமே இல்லை. பெரிய குறை. கணக்கை நாமேதான் போட வேண்டும்: இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் எட்டு சம அளவு ஃபிளாட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 600. பத்திரத்தில் 520 என்று போட்டால் 640 சதுர அடி யாரிடம் நிற்கிறது?

இன்னொன்று, அந்த மனை சுமார் 446 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்கும் எட்டு வீட்டுக்கும் மேற்படாததால், 3-ஆம் பிரிவின்படி ரெரா பதிவே தேவையில்லை. ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் அந்தக் கட்டடத்தைத் தேடிப் பயனில்லை. பிளானையும் தாய்ப்பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.