மியூச்சுவலா, கன்டெஸ்டா? சென்னையில் விவாகரத்துக்குப் போகும் இரண்டு வழிகளும் வக்கீலின் வேலையும்

பிரிவது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஊரே சட்டம் சொல்லும். "பேசாம மியூச்சுவல்ல போயிடுங்க, ஆறே மாசத்துல முடிஞ்சிடும்" என்பார் மாடி வீட்டு மாமி. "அதெல்லாம் விடாதே, கேஸைப் போட்டு இழு, அப்பத்தான் வழிக்கு வருவாங்க" என்பார் சித்தப்பா. இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பித்தான் பலர் உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நீதிமன்றப் படிகளில் வருடக்கணக்கில் ஏறி இறங்குகிறார்கள். சொந்தத்திலும் நட்பிலும் சிலருக்குத் துணையாக அந்தப் படிகளில் நானும் ஏறியிருக்கிறேன். அங்கே பார்த்ததையும் சட்டம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வழியே இல்லாத ஒரு வழியைத் தள்ளிவிடுவோம். முத்திரைத்தாளில் "இனி எங்களுக்குள் எந்த உறவும் இல்லை" என்று எழுதி, பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் சீல் வாங்கிக்கொள்வது. இது இன்னும் நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கப்படியான மணமுறிவுக்கு இடம் தருவது உண்மைதான். ஆனால் தங்கள் சமூகத்தில் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருந்தது என்று நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்பவர் தலையில்தான் விழும். நிரூபிக்க முடியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் கணவன் மனைவி. அடுத்த கல்யாணம் செல்லாது, குற்றமும்கூட. பென்ஷன், இன்சூரன்ஸ், விசா என்று ஏதாவது ஒரு கவுன்டரில் அந்தப் பத்திரம் நிச்சயம் மாட்டிக்கொள்ளும்.

ஆக, நிஜமான போட்டி இரண்டுக்குள்தான். 13பி பிரிவின்கீழ் இருவரும் சேர்ந்து போடும் பரஸ்பர சம்மத மனு ஒன்று. 13-ஆம் பிரிவின்கீழ் ஒருவர் மற்றவர்மேல் போடும் மனு இன்னொன்று. நீதிமன்ற வராந்தாவில் முன்னதற்கு மியூச்சுவல் என்று பெயர், பின்னதற்கு கன்டெஸ்ட். நான் பேசுவது 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை வைத்து. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தவர்களுக்கு ஏறக்குறைய இதே கதைதான், பிரிவு எண் 28. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு இருக்கிறது. அதில் பிரிந்திருக்க வேண்டிய காலம் இரண்டு ஆண்டு என்று எழுதியிருக்கிறது. குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு, கேட்கும் முஸ்லிம் பெண்களுக்கு ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது, அவர்கள் குடும்ப நீதிமன்றத்தை நாடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது.

காலக்கணக்கில் மியூச்சுவல்தான் முந்துகிறது. ஆனால் அந்த "ஆறு மாசம்" மனு போட்ட நாளிலிருந்து எண்ணுவது. மனு போடுவதற்கு முன்பே குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் தனி வீடு எடுத்தாக வேண்டும் என்றில்லை. கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் பொருள் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் விளக்கியிருக்கிறது. வேளச்சேரி வாடகைக்கு இரண்டு வீடு எடுக்க முடியாமல் ஒரே ஃபிளாட்டில் ஆளுக்கொரு அறையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மனு தாக்கலான பிறகு ஆறு மாதம் காத்திருந்து இரண்டாம் முறை ஆஜராக வேண்டும். அது மனு தாக்கலான நாளிலிருந்து பதினெட்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்றது. ஆனால் முதல் முறை ஆஜராவதற்குள்ளேயே ஒன்றரை ஆண்டுப் பிரிவு முடிந்திருக்க வேண்டும், பணம், பிள்ளை உட்பட எல்லாம் பேசித் தீர்ந்திருக்க வேண்டும் என்று அதற்கு நிபந்தனைகள் உண்டு. கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று எந்த வக்கீலாவது சத்தியம் செய்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கன்டெஸ்டில் காலத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. கொடுமை, வேறொருவருடன் உறவு, இரண்டாண்டு கைவிட்டுப் போனது, மதமாற்றம், தீராத மனநோய் என்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும். "ஒத்துவரவில்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மீட்க முடியாதபடி முறிந்த திருமணம் என்று சொல்லிக் கலைக்கும் அதிகாரத்தை அரசியலமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் 2023-இல் தனக்கு உறுதிசெய்துகொண்டதே தவிர, அதைக் குடும்ப நீதிமன்றத்துக்குக் கொடுக்கவில்லை. எனவே சம்மன், கவுன்சிலிங், பதில் மனு, சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம் என்று படிப்படியாகத்தான் நகரும். ஒவ்வொரு படிக்கும் வாய்தா. வருடங்கள் ஓடும்.

பிறகு ஏன் யாராவது கன்டெஸ்டுக்குப் போக வேண்டும்? இங்கேதான் மாடி வீட்டு மாமியின் கணக்கு தப்புகிறது.

மியூச்சுவலில் நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது சம்மதம் உண்மையானதா என்பதை. எதிராளிக்கு உண்மையில் எவ்வளவு சம்பளம், எந்தெந்தப் பெயரில் எத்தனை டெபாசிட், பல்லாவரத்து மனை யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் தோண்ட மாட்டார்கள். கன்டெஸ்டில் அப்படியில்லை. 24-ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டால், 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் பொய் சொன்னால் தனி வம்பு. வேலையை விட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கணவனின் பொருளாதார நிலை சரியாகத் தெரிவது பல வீடுகளில் அன்றைக்குத்தான். (24-ஆம் பிரிவு ஆணுக்கும் உண்டு. வருமானம் இல்லாத கணவன் மனைவியிடம் கேட்கலாம். சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை.) அந்த மனுவை, நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. "கூடியவரை" என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடங்கும், அது வேறு விஷயம்.

அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்தல் என்று இருக்கும் இடத்தில் மியூச்சுவல் பேச்சையே முதலில் எடுக்கக்கூடாது என்பது என் கருத்து. பயத்தில் கொடுக்கும் சம்மதம் சம்மதமே இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் வீட்டில் தங்கும் உரிமைக்கும் பாதுகாப்புக்கும் முதலில் உத்தரவு வாங்கிவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம். 181 பெண்கள் உதவி எண் இதற்காகத்தான் இருக்கிறது.

சரி, இரண்டு பேரும் நியாயமானவர்கள், வெறுப்பு வடிந்துவிட்டது, பிரிந்தால் போதும் என்று வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மியூச்சுவல்தான். ஆனால் வக்கீலுக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய முழு வேலையும் மனு தாக்கலாவதற்கு முன்பே நடக்கிறது. நல்ல குடும்ப வக்கீலின் திறமையைக் குறுக்கு விசாரணையில் தேடுவதைவிட, அவர் எழுதித் தரும் உடன்படிக்கையில் தேடலாம்.

எப்படி? பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மியூச்சுவலில் தீர்ப்பு வருவதற்கு முன் எவர் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். பேசிய தொகையை முன்கூட்டியே முழுதாகக் கொடுத்தவர் வாபஸ் வந்தால் முழிப்பார். எல்லாம் முடிந்த பிறகு தருகிறேன் என்பதை நம்பியவரும் முழிப்பார். அதனால் விவரமான வக்கீல், பாதியை மனு தாக்கலின்போதும் மீதியை இரண்டாம் முறை ஆஜராகும் நாளில் நீதிபதி முன்னிலையில் டி.டி.யாகவும் என்று எழுதுவார். டி.டி. எண் வாக்குமூலத்திலேயே பதிவாகிவிடும். நகை என்றால் "சீர் நகைகள் திருப்பித் தரப்பட்டன" என்று ஒற்றை வரியில் போகாமல், ஆரம், வளையல், ஒட்டியாணம் என்று சவரன் எடையோடு பட்டியல் போட்டு, எந்த லாக்கரில் இருந்து எந்தத் தேதியில் என்று குறித்து, இருவரிடமும் கையெழுத்து வாங்குவார்.

வீட்டுக் கடன் இன்னும் சிக்கல். பெரும்பாக்கத்திலோ சிறுசேரியிலோ இருவர் பெயரிலும் ஃபிளாட் வாங்கி, இருவர் சம்பளத்தையும் காட்டிக் கடன் எடுத்திருப்பார்கள். "இனி தவணையைக் கணவர் கட்டுவார்" என்று உடன்படிக்கையில் எழுதினால் அது அவர்கள் இருவரையும்தான் கட்டும். வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லையே. அவர் தவணை கட்டாவிட்டால் வங்கி இன்னொருவரையும் துரத்தும், அவருடைய சிபில் ஸ்கோரும் சேர்ந்து கீழே போகும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கி சம்மதிக்குமா என்று மனுவுக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குவதுதான் வேலை.

பிள்ளை விஷயத்தில் "தந்தை அவ்வப்போது பார்க்கலாம்" என்று எழுதுவதைப்போல ஆபத்து வேறில்லை. எந்த ஞாயிறு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், மே மாத லீவில் எத்தனை நாள், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து, வெளிநாடு கூட்டிப்போக சம்மதம், காலேஜ் ஃபீஸ் வரைக்கும் எழுத வேண்டும். எழுதாததற்கெல்லாம் சனிக்கிழமைகளில் குடும்ப நீதிமன்றத்துக் குழந்தைகள் மையத்தில் போய் உட்கார நேரிடலாம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "எங்களுக்கு எதுவும் வேண்டாம்" என்று தாய் எழுதிக் கொடுத்தாலும், பிள்ளையின் பராமரிப்பு உரிமை அதனால் அழிந்துவிடாது.

மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணை, கொடுமைப் புகார் இருந்தால், அது விவாகரத்தோடு தானாகப் போய்விடாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் தனி மனு வேண்டும். அதற்குப் புகார் கொடுத்தவர் ஒத்துழைக்க வேண்டும் என்பதும், எந்தக் கட்டத்தில் என்பதும் உடன்படிக்கையில் இல்லையென்றால் அந்த உடன்படிக்கை அரைகுறைதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று ஓடுகிறது. கன்டெஸ்டாகத் தொடங்கி மியூச்சுவலாக முடிவது. உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரசத்துக்கு நாட்டிலேயே முன்னோடி. அங்கே பேசியதை வழக்கில் ஆதாரமாகக் காட்ட முடியாது என்பதால் மனம் விட்டுப் பேச வழி இருக்கிறது. எதிராளி சொத்தை மறைக்கிறார் என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். மனு போடுங்கள், பிரமாணப் பத்திரம் வரட்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு சமரசத்துக்கு உட்காருங்கள். சித்தப்பா சொன்ன "இழு" இதுவல்ல. இழுத்தால் இரண்டு பக்கமும் ஃபீஸ்தான் ஏறும். மேலும், கோபத்தில் எழுதிய மனுவில் மாமியார், நாத்தனார் எல்லாரையும் இழுத்துவிட்டால் சமரச மேஜையில் உட்காரவே ஆள் இருக்காது. என்ன எழுதக்கூடாது என்று தடுப்பதும் வக்கீலின் வேலை.

அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் துணை அங்கேயே தீர்ப்பு வாங்கி அனுப்பினால், இங்கே அது அப்படியே செல்லும் என்று நினைக்காதீர்கள். நம் சட்டத்தில் உள்ள காரணம் அதில் இருக்க வேண்டும், நீங்களும் அந்த நீதிமன்றத்தை ஏற்று வழக்கில் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அதே சமயம், வந்த நோட்டீஸைக் குப்பையில் போடவும் வேண்டாம்.

இனி, எந்த வக்கீல்? குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984, 13-ஆவது பிரிவின்படி இந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமை இல்லை, நீதிமன்ற அனுமதியோடுதான். நீங்களே ஆஜராகலாம். பிள்ளையோ சொத்தோ கடனோ இல்லாத மியூச்சுவலில் அது நடக்கக்கூடியதே. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காசில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 15100-க்குப் போன் செய்யலாம். தனியார் வக்கீலைவிட இலவச உதவியில் வரும் வக்கீல் மட்டம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். கட்டு சுமக்கும் இளம் வக்கீல்களில் கெட்டிக்காரர்கள் உண்டு. ஆனால் உங்கள் ஃபைலை நீங்கள்தான் துரத்த வேண்டியிருக்கும்.

"இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல், செலவு மிச்சம்" என்பது மியூச்சுவலில் சகஜம். மனு தாக்கலுக்கு அது போதும். உடன்படிக்கையை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களுக்கென்று இன்னொரு வக்கீலிடம் ஒரு மணி நேரக் கன்சல்டேஷன் ஃபீஸ் கொடுத்துக் காட்டுங்கள்.

ஆன்லைனில் "சென்னையின் நம்பர் ஒன்" என்று வருபவர்களைத் தாண்டிப் போங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி; அப்படி ஆள் பிடிப்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் உத்தரவிட்டது. வரும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவதும் விதிப்படி தவறு. அப்படிக் கேட்பவருக்கு உங்கள் வழக்கு நியாயமான தொகையில் சீக்கிரம் முடிவதில் அக்கறை எங்கிருந்து வரும்? கட்டம் கட்டமாக ஃபீஸ் சொல்லுங்கள், ரசீது கொடுங்கள் என்று முதல் நாளே கேளுங்கள். தம்பு செட்டித் தெருச் சேம்பரானாலும் அண்ணா நகர் ஆபீஸானாலும் இதற்கு முகம் சுளிப்பவர் வேண்டாம்.

கடைசியில் ஒரு வித்தியாசம், பலர் கவனிப்பதில்லை. மியூச்சுவலில் வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கன்டெஸ்டில் ஜெயித்தாலும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, மேல்முறையீடு போயிருந்தால் அது தள்ளுபடியாகும்வரை, மறுமணம் செய்யக்கூடாது. எப்படி வந்தாலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பம் போட்டு இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.