ஊழியர்களிடையே நம்பிக்கை வளர எது நல்லது: பின்னால் விழுவதா, கோபுரம் கட்டுவதா, கூடிப் பேசுவதா?

ஏற்காட்டில் ஒரு விடுதியின் புல்வெளி. எங்கள் கணக்குப் பிரிவு அக்கா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். பின்னால் ஆறு பேர் கை நீட்டிக் காத்திருந்தோம். "நம்பி விழுங்கள்" என்றார் பயிற்சியாளர். அக்கா விழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க யாருடனும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊழியர்களிடையே நம்பிக்கையை வளர்ப்பதற்கென்று நடத்தும் பயிற்சிகளில் பலருக்கும் தெரிந்தது இதுதான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் யாரையும் கீழே விட்டுவிட மாட்டார்கள். வேலையில் வரும் பயம் வேறு. 'தவறு என்னுடையது என்று சொன்னால் என் தலை உருளுமா?' என்ற அந்தப் பயத்தை இந்த விளையாட்டு தொடுவதே இல்லை. அதோடு, ஆண்கள் கையில் விழக் கூசும் பெண்கள், முதுகுவலிக்காரர்கள், தம் உடல் எடையை நினைத்துக் குறுகுபவர்கள் ஆகியோரை நடுவில் நிறுத்தினால் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

மார்ஷ்மெல்லோ கோபுரம் இதைவிட எவ்வளவோ மேல். நான்கு பேர், சமைக்காத ஸ்பாகெட்டி (நூடுல்ஸ் போன்ற உணவு) குச்சிகள் 20, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், 18 நிமிடம். இவற்றைக் கொண்டு முடிந்தவரை உயரமான கோபுரம் கட்ட வேண்டும்; உச்சியில் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் ஒன்று நிற்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய இந்தப் போட்டி, டாம் வூஜெக் என்பவர் 2010இல் டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சி மேடையில் பேசிய பிறகு எங்கும் பரவியது. மேலாண்மைப் படிப்பு முடித்தவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகக் கட்டுகிறார்கள் என்றார் வூஜெக். பெரியவர்கள் திட்டம் போட்டே நேரத்தைக் கழித்து, கடைசி நொடியில் மிட்டாயை வைப்பார்கள், கோபுரம் சாய்ந்துவிடும். குழந்தைகள் ஆரம்பத்திலிருந்தே வைத்து வைத்துப் பார்ப்பார்கள்.

எங்கள் மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டு முறை, "இப்போதே வைத்துப் பார்க்கலாமா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். ஒருவரும் திரும்பவில்லை. 17ஆம் நிமிடத்தில் கோபுரம் நடுவில் மடிந்தபோதுதான் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். யார் பேச்சு காதில் விழவில்லை, ஏன் விழவில்லை என்று பிறகு அரை மணி நேரமாவது பேசினால்தான் இந்தப் பயிற்சிக்குப் பலன் உண்டு. கைதட்டிக் கலைந்துவிட்டால் பொழுதுபோக்குதான்.

நான் முதலிடம் தருவது மூன்றாவதற்கு. ஒரு வேலை முடிந்ததும் அதைச் செய்தவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவது. அமெரிக்கத் தரைப்படை 1970களில் வழக்கப்படுத்திய முறை இது. என்ன நடக்க வேண்டும் என்று எண்ணினோம், என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை என்ன செய்வோம் என்று நான்கே கேள்விகள். இதற்கு விடுதி, பேருந்துச் செலவு எதுவும் வேண்டாம். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாகச் செயல்படும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகின்றன என்று 1990களில் கண்டார். அங்கே தவறுகளை மறைக்காமல் பேச முடிந்ததே அதற்கு அவர் தந்த விளக்கம்.

ஆனால் மேலாளர் குற்றவாளியைத் தேடும் ஆளாக இருந்தால் இந்தக் கூட்டம் விசாரணை மன்றமாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கோபுரத்தில் தொடங்குவதே நல்லது. முதல் தவறைச் சொல்ல வேண்டியவர் மேலாளர்தான்.

எங்கள் மேலாளர் அப்படித்தான் தொடங்கினார். வாடிக்கையாளருக்குத் தவறான தேதியைச் சொன்னது தான்தான் என்றார். சிறிது நேரம் அமைதி. பிறகு கணக்குப் பிரிவு அக்கா கையிலிருந்த படிவத்தை மேசையில் விரித்து, "ஒரே பில்லை இரண்டு முறை அனுப்பியது நான். இதில் தேதிக்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, பாருங்கள்" என்றார். மறுநாள் காலையில் வந்த புதிய படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.