இன்ஜெக்டர் கோளாறு: பாட்டில், கழுவல், பொட்டோங், புதுசு – எதற்குக் காசு போடலாம்?

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுனில் காடி ஐடிலில் (நின்றபடி இன்ஜின் ஓடும்போது) நடுங்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். எண்ணெய் ஸ்டேஷனில் ஒரு பாட்டில் மருந்தை நீட்டுவார்கள். போமன் (மெக்கானிக்) "நாலையும் மாத்திடலாம்ணே" என்பார். பக்கத்து வீட்டுத் தம்பி போனைத் திறந்து, ஒரு இன்ஜெக்டர் விலைக்கு நாலு தருகிறார்கள் என்று ஆன்லைன் கடையைக் காட்டுவான். ஈப்போவில் பொட்டோங் (பழைய காடி உதிரிபாக) கடைக்காரரைத் தெரிந்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். நாலு பேர் சொல்வதும் சில நேரம் சரிதான். ஆனால் நாலும் ஒரே நோய்க்கான மருந்து அல்ல. எது கெட்டது என்று தெரியாமல் வாங்குவது நாலு நம்பர் லாட்டரி எடுப்பது மாதிரி, அடித்தால் அடிக்கும்.

நான் இங்கே பேசுவது பழைய மைவி 1.3, சாகா பிஎல்எம், வீரா போன்ற நாலு சிலிண்டர் பெட்ரோல் காடிகளைப் பற்றி. இவற்றில் இன்ஜெக்டர் இன்டேக் குழாய்க்குள் எண்ணெயைத் தூவும். இன்ஜெக்டர்களுக்கு எண்ணெய் தரும் குழாயான ரெயிலில் அழுத்தம் சுமார் 3 பார்தான். வீட்டில் கை வைக்கலாம். டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காடிகளில் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். கான்ட்ராக்டர்கள் ஓட்டும் ஹைலக்ஸ் மாதிரி காமன் ரெயில் டீசலில் 1,000 பாருக்கும் மேல். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புது இன்ஜெக்டரின் குறியீட்டை காடியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தர வேண்டிய வேலையும் பல டீசல்களில் உண்டு. அவை போமனுக்குப் போகட்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்கும் வழிகள். ஐடிலில் 800 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 400 தடவை திறந்து மூடும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். செலவில்லாத சோதனை, ஆனால் அரைகுறை: சத்தம் வராவிட்டால் சந்தேகப்படலாம், சத்தம் வந்தால் ஊசி அசைகிறது என்று மட்டும்தான் அர்த்தம், ஒழுங்காகத் தூவுகிறது என்று அர்த்தமில்லை. மல்டிமீட்டர் இன்னும் ஒரு படி மேல். கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னுக்கும் நடுவே அளந்தால் இந்த வகை இன்ஜெக்டர்களில் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். நாலும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் முடிவிலி என்று காட்டினால் அதன் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) அறுந்துவிட்டது. அதற்குப் பாட்டிலும் உதவாது, கழுவலும் உதவாது. காயில் சரியாக இருந்தும் டிக் டிக் இல்லையென்றால், கனெக்டரில் ஒரு நொய்ட் லைட்டை (மின் துடிப்பு வருகிறதா என்று காட்டும் சின்ன விளக்கு) சொருகி ஸ்டார்ட் அடித்துப் பார்க்க வேண்டும். லைட் மின்னாவிட்டால் குற்றவாளி வயரிங்கோ கம்ப்யூட்டரோ, இன்ஜெக்டர் அல்ல.

இந்த வயரிங் விஷயத்தை நம் பக்கத்தில் லேசாக விடக்கூடாது. செம்பனைத் தோட்டம் என்றாலே எலி. அதைப் பிடிக்கத்தான் பல தோட்டங்களில் கூட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். ஆந்தைக்குத் தப்பிய எலி ராத்திரி சூடான பானட்டுக்குள் படுத்து வயரைக் கடித்துவிடும். கோளாறு கோட் படிக்கும் ஸ்கேனரில் பி0201 முதல் பி0204 வரை ஏதாவது வந்தால் அது இன்ஜெக்டர் சர்க்யூட் கோளாறு. கடையைத் தேடுவதற்கு முன் டார்ச் அடித்து வயரைப் பாருங்கள்.

பி0301 முதல் பி0304 வரை வந்தால் அந்த எண்ணுள்ள சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகிறது (உள்ளே ஒழுங்காக எரியவில்லை), அவ்வளவுதான். காரணம் பிளக்காக இருக்கலாம், பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை: இடம் மாற்றிப் பார்ப்பது. பி0303 வந்திருக்கிறது என்று வையுங்கள். சிலிண்டருக்கொரு காயில் உள்ள காடியென்றால் முதலில் மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை ஒன்றுக்கும், ஒன்றுடையதை மூன்றுக்கும் மாற்றுங்கள். கோட் கூடவே நகரவில்லையா? பிளக்குகளை அதேபோல இடம் மாற்றுங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் ரெயிலைக் கழற்றி இன்ஜெக்டர்களை இடம் மாற்றுங்கள். இப்போது பி0303 போய் பி0301 வந்தால் கெட்டது அந்த இன்ஜெக்டர்தான், சந்தேகமே இல்லை. காதும் மீட்டரும் தராத தெளிவு இதில் கிடைக்கிறது. ஓ-ரிங் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) காசு தவிரச் செலவும் இல்லை.

ரெயிலைத் திறப்பதற்கு முன் பம்ப் ஃபியூஸை அல்லது ரிலேவைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இன்ஜின் ஆறும் வரை காத்திருங்கள். நம் வீடுகளில் போர்ச்சுக்குப் பக்கத்திலேயே சாமி மேடையும் விளக்கும் இருக்கும், சாயங்காலமானால் கொசுவர்த்தியும் சேரும். அன்றைக்கு இரண்டும் அணைந்திருக்கட்டும். ஒரு டிரை பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பத்து வருஷ வெயிலும் சூடும் கண்ட கனெக்டர் கிளிப்புகள் பிஸ்கட் போல உடையும். இழுக்காமல் நெம்பி எடுங்கள்.

சரி, இனி காசு எங்கே போடுவது.

பாட்டில் மருந்தை நான் முழுசாக ஒதுக்க மாட்டேன். பாலிஈதரமைன் என்ற கழுவும் சரக்கு உள்ளதாகப் பார்த்து வாங்கினால், தோட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடிக் கறை பிடித்த இன்ஜெக்டரில் பலன் தெரியலாம். லேசான நடுக்கம், மிதி கொடுத்தால் சற்றுத் தயக்கம், இந்த அளவுக்கு அது போதும். கோட் விடாமல் வரும் காடிக்கு ஊற்றுவது வீண். அதிலும் இன்ஜெக்டர் மூடாமல் ஒழுகினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். மருந்து வேலை செய்யட்டும் என்று அப்படி ஓட்டிக்கொண்டிருந்தால் இன்ஜெக்டரைவிடப் பெரிய பில் வரும்.

இன்ஜெக்டர் காயில் நல்லதாக இருந்து தூவல் மட்டும் கெட்டிருந்தால் என் ஓட்டு கழுவலுக்குத்தான். ஆனால் எந்தக் கழுவல் என்பது முக்கியம். போமன் ரெயிலில் குப்பியை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுக் கழுவுவது ஒரு வகை. கழற்ற வேண்டாம், சீக்கிரம் முடியும். ஆனால் முன்னாடி எப்படி இருந்தது, பின்னாடி எப்படி ஆனது என்று யாருக்கும் தெரியாது. அல்ட்ராசோனிக் மெஷினில் நாலையும் கழுவி, கண்ணாடிக் குழாய்களுக்குள் தூவவிட்டுப் பார்ப்பது வேறு. எது கூம்பாகத் தூவுகிறது, எது சொட்டுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நாலு குழாயின் அளவும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். உள்ளே இருக்கும் குட்டி ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். ரெயிலை வீட்டிலேயே கழற்றி, இன்ஜெக்டர்களை மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்கு வேறு வண்டியில் எடுத்துப்போனால் கூலியில் பெரும் பங்கு மிச்சம். ஒன்பது வோல்ட் பேட்டரியும் கார்புரேட்டர் கிளீனரும் வைத்து வீட்டிலேயே கழுவும் வித்தையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பொறியும் எரியும் ஆவியும் ஒரே இடத்தில் இருக்கும், அளந்து பார்க்கவும் வழியில்லை.

இன்ஜெக்டர் காயில் செத்திருந்தால் வேறொன்று வாங்கியே ஆக வேண்டும். அப்போது போட்டி பொட்டோங்குக்கும் புதுசுக்கும். முதல் தலைமுறை மைவி 1.3 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: அதே கே3-விஇ இன்ஜின் ஜப்பானில் டைஹாட்சு பூனிலும் டொயோட்டா பாஸோவிலும் ஓடியது, அதனால் பொட்டோங் கடைகளில் சரக்கு கிடைக்க வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அளந்து பாருங்கள். உடலில் அச்சடித்த எண் உங்களுடையதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக வாங்காதீர்கள், தூவும் அளவு வேறாக இருக்கலாம். வாங்கியதை நேரே மாட்டாமல் மற்ற மூன்றோடு சேர்த்துக் கழுவி மாட்டினால், பழைய காடிக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. இன்னும் பல வருஷம் ஓட்டப்போகும் காடி, தினமும் ஈப்போ வேலைக்குப் போகும் காடி என்றால் ஒரிஜினல் ஒன்றே ஒன்று வாங்குங்கள். நாலையும் மாற்றச் சொல்லும் போமனிடம் மற்ற மூன்றின் அளவை முதலில் கேளுங்கள்.

ஆன்லைன் நாலு செட்தான் எனக்கு மனசு ஒப்பாதது. பெட்டியில் பெரிய கம்பெனி பெயர் இருக்கும், உள்ளே இருப்பது எங்கே செய்தது என்று தெரியாது. காடி ஸ்டார்ட் ஆகும், நடுக்கமும் நிற்கலாம். ஆனால் அளவு தப்பினால் ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 10 விழுக்காட்டைத் தாண்டி ஏறவோ இறங்கவோ செய்யும். அப்புறம் மீண்டும் செக் இன்ஜின் லைட் எரியும். வாங்கித்தான் ஆவேன் என்றால் மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

எந்த வழி போனாலும் ஓ-ரிங் புதுசுதான். சுத்தமான இன்ஜின் ஆயிலை மெல்லிசாகத் தடவி, முறுக்காமல் நேராக அழுத்துங்கள். ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டியபின் ஸ்டார்ட் அடிக்காமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று தடவை ஆன் செய்து ரெயிலில் அழுத்தம் ஏற்றுங்கள், டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

இக்னிஷன் காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் இடம் மாற்றிய பிறகும் கோட் அதே சிலிண்டரிலேயே உட்கார்ந்திருந்தால், வயரும் சரியாக இருந்தால், மேலே சொன்ன எதற்கும் காசு போட வேண்டாம். சிலிண்டர் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்திருக்கும் போமனைத் தேடுங்கள். வால்வோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம். அப்போது பேரம் இன்ஜின் விலையிலிருந்து தொடங்கும்.