மலைப்பாதையில் எங்கே நிற்பது: ஆறு ஆண்டுகள் திட்டமிட்டுப் பழகிய அனுபவம்

இரண்டு நகரங்களுக்கு இடையே மலையைக் கடந்து செல்லும் 140 கிலோமீட்டர் சாலை ஒன்றில், ஆண்டுக்கு நான்கைந்து முறை என ஆறு ஆண்டுகளாகக் காரில் போய் வருகிறேன். சுற்றிக்கொண்டு போகும் சமவெளிச் சாலையை விட்டுவிட்டு இதில் ஏறுவதே வழியில் நின்று பார்ப்பதற்காகத்தான் என்பதால், எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக் கைபேசி வரைபடத்தில் குறித்து, ஒரு சிறு குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டு புறப்படுவது வழக்கமாகிவிட்டது.

முதல் பயணத்தில் கண்ணில் பட்ட காட்சிமுனைகளையெல்லாம் குறித்து, மொத்தம் எட்டு இடங்களைச் சேர்த்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் போதும் என்பது என் கணக்கு. வண்டியை ஓரங்கட்டி, எல்லோரும் இறங்கி, பார்த்து, படம் எடுத்து, மறுபடி ஏறி உட்கார உண்மையில் இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான்காவது இடத்தில், கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றிப் போயிருந்த அம்மா, “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா, நான் வண்டியிலயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டார். கடைசி இரண்டு இடங்களுக்கு இருட்டில்தான் போய்ச் சேர்ந்தோம். அன்றிலிருந்து ஒரு வழிக்கு இரண்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் என்பதே என் அளவு. மூன்றாவதாக ஓர் இடத்தைக் குறித்து வைப்பேன்; நேரம் இருந்தால் மட்டுமே அங்கே நிற்போம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. நாம் ஓட்டும் பக்கத்திலேயே ஒதுங்க இடமிருந்தால், எதிரே வரும் வண்டிகளை மறித்துத் திரும்ப வேண்டியதில்லை. இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே சரிவில் மடிந்து மடிந்து ஏறும் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்குப் பிறகும் பள்ளத்தாக்கு இருக்கும் பக்கம் மாறிவிடும். ஆகவே செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு நிறுத்தத்தையும் தனியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நல்ல இடங்களைத் திரும்பும் பயணத்துக்கு ஒதுக்கிவிடுகிறேன். வளைவிலோ, வளைவை ஒட்டியோ நிற்பதில்லை. சரிவில் நிறுத்தினால் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டே இறங்குவோம்.

பக்கத்தைவிடவும் பெரியது நேரம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால், நாம் மேற்கே பார்க்கும்போது எதிரே தெரியும் பள்ளத்தாக்கில்தான் ஒளி நேராக விழும். அங்கே மரங்களும் வயல்களும் தெளிவாகத் தெரியும். அதே நேரத்தில் கிழக்கே பார்த்தால் நிறங்கள் மங்கி, முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிய நீலத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். அதையும் விரும்பிப் பார்ப்பவன் நான், ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது முன்பே தெரிந்திருப்பது நல்லது. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிறது. பல நாட்களில் பிற்பகலுக்குள் உச்சிகள் மூடிக்கொள்கின்றன. எனவே உயரமான நிறுத்தத்தைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவேன். இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால் விடியலில் கீழே மூடுபனி நிற்கும். ஒருமுறை அந்தப் பனிக்குள் விளக்குகளைப் போட்டு ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரே வளைவில் வெயிலுக்குள் வந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் கீழே வெள்ளையாக ஒரு சமவெளி, அதன் நடுவே இரண்டு குன்றுகளின் தலை மட்டும். கண்ணாடியில் படிந்திருந்த நீர்த்துளிகள் காய்வதற்குள் அந்தப் பனி கலையத் தொடங்கியது. கால் மணி நேரம் தாமதித்திருந்தால் அது கிடைத்திருக்காது.

சூரியன் மறையும் நேரத்தை அப்படியே நம்பியும் ஏமாந்திருக்கிறேன். கைபேசி 6.20 என்று காட்டிய நாளில், மேற்கே உயர்ந்த முகடு இருந்த ஓரிடத்தில் ஐந்து மணிக்கே நிழல் விழுந்துவிட்டது. குளிருக்கான கணக்கு எளிது: 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 300 மீட்டரில் புறப்பட்டு 1,800 மீட்டருக்கு ஏறுகிறவர்களுக்குப் பத்து டிகிரி வித்தியாசம், காற்று வேறு. போர்வையைப் பின்பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.

வரைபடம் கைவிடும் இடங்களும் உண்டு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் 11 நாட்களில் திரட்டிய உயரத் தரவு இன்றும் பல வரைபடங்களின் உயரக் கோடுகளுக்கு அடிப்படை. அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 30 மீட்டர். மலையின் பொதுவான அமைப்பை அறிய அது தாராளமாகப் போதும், சாலையோரத்து மேட்டையோ வளர்ந்துவிட்ட மரங்களையோ அது சொல்லாது. காட்சிமுனை என்று குறிக்கப்பட்டிருந்த ஓரிடத்தில் நாங்கள் கண்டது இலைச்சுவரைத்தான். அதனால் இப்போது சமீபத்தில் பிறர் எடுத்த படங்களைத் தேதியோடு பார்க்காமல் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்வதும் கட்டாயம். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் நம் இடத்தைக் காட்டும். ஆனால் படம் கைபேசியில் இல்லையென்றால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் மிஞ்சும்.

இறக்கத்தில் ஒரு நிறுத்தத்தை வண்டிக்காகவே வைக்கிறேன். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் சொல்வதை நான் மதிக்காத ஒரு நாளில், பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்து, மிதி மெத்தென்று உள்ளே போனது. அன்று அரை மணி நேரம் அகலமான ஓரிடத்தில் காத்திருந்தோம். அந்த இடம் கிழக்கு நோக்கியது. மாலை வெயில் எதிர்ச்சரிவில் விழுந்து, பாறை வெடிப்புகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நின்றன. திரும்பும் பயணத்தில் மாலை 4.30 மணிக்கு அங்கே நிற்பது அன்றிலிருந்து குறிப்பேட்டில் நிலையாக இருக்கிறது; அங்கே மட்டும் அம்மாவும் இறங்கி வருகிறார்.