கடலில்லா நாட்டில் பசுமை ஹைட்ரஜன்: ஏற்றுமதியா, உள்நாட்டு உரமா?

கடற்கரை இல்லாத நாடு ஒன்று பசுமை ஹைட்ரஜனில், அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜனில், முதலீடு செய்ய நினைத்தால், அதை வாயுவாகவோ, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கியோ வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இல்லையேல் அந்த அம்மோனியாவை உள்நாட்டிலேயே உரமாக்கலாம்.

முதல் வழியின் சிக்கல் நாமக்கல் லாரி உரிமையாளர்களுக்கு உடனே விளங்கும். அங்கிருந்து ஓடும் கேஸ் டேங்கர் ஒன்று 18 டன் எரிவாயு சுமக்கிறது. ஏறத்தாழ அதே அளவுள்ள லாரியில் எஃகு உருளைகளுக்குள் 200 பார் அழுத்தத்தில் ஹைட்ரஜனை அடைத்தால் 300, 400 கிலோதான் போய்ச் சேரும், மற்றதெல்லாம் இரும்பின் எடை. திரவமாக்குவதற்கு மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அம்மோனியாவுக்கு மைனஸ் 33 டிகிரி போதும் என்றாலும், தூத்துக்குடியில் ஆலை வைப்பவருக்கு இல்லாத கவலை ஒன்று இங்கே உண்டு: அண்டை நாட்டின் ரயில் பாதையும் துறைமுகமும் என்றைக்கும் திறந்திருக்க வேண்டும்.

உரமாக்கும் வழியில் அந்தத் தூரமே காப்பாகிறது, ஏனெனில் இறக்குமதி உரமும் அதே நெடுவழியில் வாடகை கொடுத்துத்தான் வந்தாக வேண்டும். பராகுவேயின் வில்லெட்டாவில் நீர்மின்சாரத்தைக் கொண்டு உரம் தயாரிக்கத் திட்டமிட்டிருப்பது இந்தக் கணக்கில்தான். ஆனால் ஜிம்பாப்வேயின் குவேக்வேயில் பல பத்தாண்டுகள் நீரை மின்சாரத்தால் பிரித்து அம்மோனியா தயாரித்த சேபிள் கெமிக்கல்ஸ், நாட்டில் மின்பற்றாக்குறை முற்றியபோது, 2015-இல் அந்தப் பிரிவை நிறுத்தியது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். பொது மின்கட்டத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2012 மின்வெட்டில் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த பல்லடத்துக்காரர்களைக் கேட்கலாம். ஆகவே சொந்த மின்னுற்பத்தியோ நீண்டகால ஒப்பந்தமோ கையில் இருந்தால் மட்டுமே உரவழியை நான் பரிந்துரைப்பேன்.

தண்ணீரில் அளவைவிடக் கழிவே பெரிய பிரச்சினை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கில் 9 லிட்டரும், சுத்திகரிப்பும் குளிர்விப்பும் சேர்ந்தால் 20, 30 லிட்டரும் ஆகலாம். சாயப்பட்டறைகளைப் பார்த்த கண்ணுக்கு இது மலைப்பாகத் தெரியாது. உப்பு நிலத்தடி நீரைச் சுத்திகரித்தால் மிஞ்சும் செறிந்த உப்புநீரைக் கடலோர ஆலை கடலில் விடுகிறது. உள்நாட்டு ஆலை அதைக் காய்ச்சி வற்றவைத்து உப்பாக்கியாக வேண்டும், அதற்கும் எரிபொருள் செலவாகும். 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட திருப்பூரில், இன்றும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. இரண்டு வழிகளுக்கும் பொதுவான இந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.